தங்கவயற் சிறுவரின் களியும் சோறும்

உடலை ஓம்பும் முறைபற்றிப் பெரியோர் எழுதிவைத்தவற்றுக்குத் தமிழில் குறைவில்லை. திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதைத் திறந்து பார்ப்பவர் மருந்தைக் காண்பதைவிட உணவையே மிகுதியாகக் காண்பர். அளவறிந்து உண்பதும், முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பதுமே அங்கே பெரும்பகுதி. பாரதியார் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாப்பா பாட்’டிலும் குழந்தைக்கு முதலில் இடப்படும் கட்டளை ஓட்டமும் விளையாட்டுமேயன்றிப் பாடப்புத்தகம் அன்று. இவையெல்லாம் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னவை. பிள்ளைகள் தாமே தம் உணவைப்பற்றியும் உடலைப்பற்றியும் என்ன எண்ணினர் என்பதை எழுதிவைத்தவர் யார்?

இங்கிலாந்தில் 1980களில் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் சிலர் இதற்கோர் எளிய வழி கண்டனர். பள்ளிப்பிள்ளைகளிடம் தாளும் வண்ணக்கோலும் தந்து, “நீ உடல்நலத்தோடு இருக்க என்னென்ன செய்கிறாய்? வரைந்து காட்டு” என்றனர். பிள்ளைகள் வரைந்தவற்றுள் உணவும் ஓட்டமுமே முன்னின்றன. எழுதத் தெரியாத குழந்தையும் கருத்துடையது என்பதை அம்முறை மெய்ப்பித்தது. ஆனால் கடந்த காலத்துப் பிள்ளைகளிடம் நாம் தாளை நீட்ட முடியாது. அவர்கள் எதை விரும்பி உண்டனர், எதை மூடியால் மறைத்து உண்டனர், எங்கே ஓடி விளையாடினர் என்பவற்றைக்கொண்டே உய்த்துணரவேண்டும். அவ்வாறு உய்த்துணர்வதற்குக் கோலார் தங்கவயலினும் ஏற்ற ஊர் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பங்காரப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதையில், கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று வரிசையாக நிற்கும் சிறு நிலையங்களின் பெயர்களை வெளிமாநிலத் தமிழருள் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வர். ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் அங்கே தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தொழிலின் நிழலிலேயே வளர்ந்தனர். அத்தொழில் உடலைக் கேட்டது.

தங்கவயலின் தோற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1802ஆம் ஆண்டில் வாரன் என்னும் படைத்துறை அதிகாரி இப்பகுதியில் மண்ணை அரித்துப் பொன்னெடுப்போரைக் கண்டு எழுதிவைத்தார். 1870களில் லாவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தனர். அதன்பின் மைசூர்ச் சுரங்கம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் ஆழ்ந்தன. நிலத்தடியில் மேற்பார்வை செய்ய இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழில் அறிந்தோர் வந்தனர். பாறையை உடைத்தும் வாரியும் ஏற்றியும் உழைக்க வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்.

இங்கே ஒரு காலக்கணக்கை நினைவிற் கொள்ளவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பெரும்பஞ்சம் வாட்டியது. அது முடிந்த இரண்டாண்டுகளில் சுரங்கம் தொடங்கியது. ஆகவே தங்கவயலில் குடியேறிய முதல் தலைமுறையினர் பசியைக் கண்ணாற் கண்டவர்கள். ‘சத்துள்ள உணவு எது?’ என்பது அவர்கள் வீட்டில் எழக்கூடிய கேள்வியன்று. ‘உலை கொதிக்குமா?’ என்பதே கேள்வி. அவ்வீட்டுப் பிள்ளைக்கு உடல்நலம் என்பது முதலில் வயிறு நிறைதல்; வேறொன்றும் அன்று.

வயிறு எதனால் நிறைந்தது? வடஆர்க்காட்டு மேட்டுநிலக் கிராமங்களில் கூலியாளின் உணவு கேழ்வரகுக் கூழ், களி, கம்பு. நெற்சோறு திருவிழாவிலும் பொங்கலிலும் கண்டது. அல்லது பண்ணையார் வீட்டு விருந்தின் மிச்சமாகக் கண்டது. கோலாரைச் சுற்றியுள்ள சீமையும் கேழ்வரகுச் சீமையே. அங்கே கன்னட, தெலுங்கு உழவர் களியுருண்டையை அவரைக் குழம்பிலும் கீரை மசியலிலும் தோய்த்து விழுங்குவர். கிராமத்தில் கூலி பெரும்பாலும் தானியமாக அளக்கப்பட்டது. சுரங்கத்திலோ அது நாணயமாகக் கையில் வந்தது. நாணயம் கையில் வந்தபின் அரிசிக்கடைக்குப் போக யாருடைய அனுமதியும் வேண்டா. இது சிறு செய்தியன்று. சோறு உண்பது என்பது பண்ணையாரின் எல்லையைக் கடந்து வந்துவிட்டதன் அடையாளம். அப்பன் சம்பளம் வாங்கிய நாளில் வீட்டில் சோறும் கறியும் மணந்தன; சம்பளத்துக்கு முந்திய நாள்களில் களியும் கூழும் திரும்பி வந்தன. இதைக் கண்டு வளரும் பிள்ளை எந்த ஆசிரியரும் சொல்லாமலே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது: சோறு உயர்ந்தது, களி தாழ்ந்தது.

அதற்கும் மேலே மூன்றாவது படி ஒன்று இருந்தது. ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர்பெற்ற அவ்வூரில் ஆங்கிலேயர் பங்களாக்களும், ஆங்கிலோ-இந்தியர் வீடுகளும் இருந்தன. ரொட்டி, பன், பிஸ்கட், கேக் ஆகியவை அந்த வீடுகளின் உணவு. காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பன்னும் பாலும் கொடுக்கும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் பரவியது. காய்ச்சலில் கொடுப்பது நல்ல உணவாகத்தானே இருக்கவேண்டும் என்பது குழந்தையின் தருக்கம். அதை மறுப்பதும் எளிதன்று. நான் பள்ளியிற் படித்த 1980களிலும் இந்தப் படிவரிசை குலையாமல் இருந்தது. உணவுவேளையில் பன் கொண்டுவந்தவன் அதை எல்லாரும் காண நடுவில் வைத்து உண்பான். சோறு கொண்டுவந்தவன் இயல்பாக உண்பான். களி கொண்டுவந்தவன் மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உண்பான்.

இனி, அறிவியல் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். நீலகிரிக் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918இல் பெரிபெரி நோயைப்பற்றி ஆராயத் தொடங்கினார். அவ்வாய்வே வளர்ந்து பின்னர் உணவியல் ஆராய்ச்சிக்கூடமாயிற்று. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி இன்று தேசிய உணவூட்டக் கழகமாக விளங்குவது அதுவே. மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அவ்வவ்வாறே சமைத்து இளம் எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. கன்னடியர் உணவை உண்டவை இடைநிலையில் நின்றன. தீட்டிய அரிசியை மிகுதியாகக் கொண்ட வங்காளியர் உணவும், எல்லாவற்றிலும் இறுதியாகச் சென்னையர் உணவும் வந்தன. தமிழர் பலருக்கு அன்று இச்செய்தி உவப்பாக இருந்திராது. 1928இல் அவர் இந்தியப் பள்ளிகளுக்கென்றே உணவைப்பற்றி ஒரு சிறு பாடநூலும் எழுதினார்.

அவருக்குப்பின் 1935இல் குன்னூருக்கு வந்த அய்க்ராய்டு என்பவர் எலியை விட்டுப் பிள்ளைகளிடம் வந்தார். தென்னிந்தியப் பள்ளிப்பிள்ளைகளின் வாயோரப் புண், சொரசொரத்த தோல், கண்ணின் வறட்சி ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். விடுதிப்பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வழக்கமான உணவுடன் கொழுப்பு நீக்கிய பால் நாள்தோறும் தந்து பார்த்தார். சில வாரங்களிலேயே பால் குடித்த பிள்ளைகள் மற்றவரைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினர். 1937இல் வெளிவந்த ‘23ஆம் எண் நலவெளியீடு’ இந்திய உணவுப்பொருள்களின் சத்துக்களை அட்டவணையாக நாட்டுக்குத் தந்தது. அதன் வழிவந்த அட்டவணைகளில் ஒரு வரியை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுகிறேன். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 344 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம்.

முப்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுவதில்லை. ஆயினும் சாய்த்துப் பிடித்த மூடியின் பின்னே களி உண்ட சிறுவனிடம் இந்த அட்டவணையைக் காட்டினால் அவன் மூடியை எடுத்திருப்பானா? எடுத்திருக்கமாட்டான் என்றே நினைக்கிறேன். அவன் வெட்கியது கேழ்வரகின் சத்தைப்பற்றியன்று. அது யாருடைய உணவு என்று ஊர் சொன்னதைப்பற்றி. உணவியல் அறிஞர் உணவைச் சத்தாகப் பிரித்துப் பார்க்கிறார். குழந்தையோ அதை மனிதரோடு சேர்த்துப் பார்க்கிறது. அய்க்ராய்டு கண்ட பிள்ளைகளின் வறுமையை அட்டவணை அளந்தது. வறுமையின் வெட்கத்தை அளக்க அதில் பத்தி இல்லை.

இதனால் பிள்ளைகளின் கருத்து முற்றும் தவறு என்று சொல்லிவிடவும் கூடாது. தமிழ்நாட்டு வழக்கப்படி நெல்லைப் புழுக்கிக் குற்றிய அரிசியில் ‘பி’ உயிர்ச்சத்து பெரும்பகுதி தங்கிவிடுகிறது. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட வட சர்க்கார் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி பரவியபோதும், புழுங்கலரிசி உண்ட தமிழ்ப் பகுதி பெரும்பாலும் தப்பியதற்கு அதுவே காரணம் என்பர். ஆகவே குற்றம் சோற்றின்மேல் மட்டும் இல்லை. சோற்றோடு பாலும் கீரையும் பருப்பும் சேராமையில் இருந்தது. கோலார் மாவட்டம் பாலுக்கும் பட்டுக்கும் பொன்னுக்கும் புகழ்பெற்றது. அவற்றுள் பொன்னைத் தோண்டியவர் வீட்டில் பொன்னும் தங்கவில்லை. பாலும் அருகியே இருந்தது.

உடலின் வலிமையைப்பற்றிப் பிள்ளைகள் கொண்ட கருத்துக்கும் சுரங்கமே ஆசான். சுரங்கத்தில் ஆள் எடுக்கும்போது மார்பையும் தோளையும் பார்த்தனர். எனவே வலிமை என்பது வேலை கிடைக்கும் தகுதி. ஆனால் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட தந்தையே சில ஆண்டுகளுக்குப்பின் படியேறும்போது மூச்சு வாங்குவதையும், இரவெல்லாம் இருமுவதையும் அதே பிள்ளை கண்டது. தங்கம் படிந்திருந்தது படிகக்கல் பாறையில். அதைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூள் நுரையீரலில் தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கி, மூச்சுப்பையைச் சுருக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு இன்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய் எளிதில் அதனோடு கூடிக்கொள்ளும். நன்றாக உண்டு நன்றாக உழைத்தால் நெடுநாள் வாழலாம் என்ற பாடப்புத்தக வாக்கியத்தை அவ்வூர்ப் பிள்ளை படிக்கும்போது அதன் மனத்தில் என்ன எழுந்திருக்கும்? வலிமையானவனைத்தான் சுரங்கம் முதலில் அழைத்தது. சிலவேளை நிலத்தடியில் பாறை வெடித்து மேலே வீட்டுச் சுவர்கள் நடுங்கும். அப்போது உண்பதை நிறுத்திவிட்டு முகத்தை முகம் பார்த்திருந்த குடும்பங்கள் பல. வெறும் உணவட்டவணை அந்த வீட்டுக்குள் நுழைவது கடினமே.

தங்கவயலில் முதன்முதல் எழுந்த நலக்கல்வி, அரசிடமிருந்தோ நிறுவனத்திடமிருந்தோ மட்டும் வந்ததன்று என்பதையும் சொல்லவேண்டும். அயோத்திதாச பண்டிதரின் தொடர்பால் 1907ஆம் ஆண்டளவில் மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. பஞ்சசீலத்தின் ஐந்தாம் நெறி கள்ளும் சாராயமும் தொடாமை. சம்பள நாளில் பணம் கள்ளுக்கடைக்குப் போகுமா, அரிசிக்கடைக்குப் போகுமா என்ற வினா வீட்டுப் பிள்ளைகளின் தட்டைப் பொறுத்த வினா. 1926க்குப் பின் ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் ‘தமிழன்’ ஏடு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. உணவியல் வரலாறு எழுதுவோர் இவ்வியக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்ப்பதே முறை.

இனி விளையாட்டு. பெரியவர் உடற்பயிற்சி என்பதைப் பிள்ளைகள் விளையாட்டு என்பர்; இரண்டையும் ஒன்றென்று எண்ணிய சிறுவனை நான் கண்டதில்லை. பழைய பள்ளிகளில் ‘டிரில்’ என்றொரு பாடவேளை இருந்தது. பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்றவரே அதன் ஆசிரியர். இடம்-வலம் திரும்புவதும் கைகளை நீட்டி மடக்குவதும் பாடம். இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் தலையானவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். 1920இல் சென்னையில் ஐந்து மாணவருடன் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி ஆசியாவிலேயே இத்துறையில் முன்னோடி. நந்தனத்தில் இன்றும் அது நிலைபெற்றிருக்கிறது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு அவர் பயிற்சி தந்தார். ஆயினும் அவர் செய்த பெருந்தொண்டு வேறு என்று கருதுகிறேன். சடுகுடு போன்ற நம் நாட்டு விளையாட்டுக்களையும் விதிகளோடு எழுதி, மேனாட்டு விளையாட்டுகளோடு ஒரே நூலில் வைத்தார். தெருவில் ஆடுவதும் ஆட்டமே என்று பள்ளிக்கூடம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

தங்கவயற் சிறுவர்க்கு அந்த ஒப்புதல் தேவைப்படவில்லை. அவர்கள் ஏற்கெனவே கால்பந்திலும் ஹாக்கியிலும் ஊறியிருந்தனர். ஐரோப்பியர் சங்கத்துக் குழிப்பந்தாட்டத் திடலில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆனால் கால்பந்துக்குத் திடல்கூட வேண்டுவதில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை ‘லைன்’ என்பர். மூங்கில் தட்டி வேய்ந்த குடிசைகளாய்த் தொடங்கிய அவ்வரிசைகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் போதும், கந்தல் சுருட்டிய பந்து போதும், காலணி வேண்டா. ஒரு லைனுக்கும் மற்றொரு லைனுக்கும் நடந்த ஆட்டத்தில் வென்ற சிறுவனுக்கு அன்று கிடைத்த மதிப்பைத் தேர்வில் முதலாவதாக வந்தவனும் பெற்றதில்லை. ஊட்டத்துக்கு வராத ஆர்வம் ஓட்டத்துக்கு வந்தது. களி உண்டதை மறைத்த அதே பையன், களி உண்டவன் களைக்கமாட்டான் என்று திடலில் பெருமையும் பேசுவான். உணவுவேளையில் தாழ்ந்தது ஆட்டவேளையில் உயர்ந்துவிடும்! பிள்ளைகளின் கருத்துக்கள் ஒன்றோடொன்று முரண்படுவது பற்றி அவர்கள் கவலைகொள்வதில்லை; நாமும் கொள்ளவேண்டியதில்லை.

ஆனால் ஓர் ஆடுகளத்தைப்பற்றி மட்டும் கவலை கொள்ளத்தான் வேண்டும். அரைத்த பாறையிலிருந்து சயனைடு கொண்டு பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய தூள் ஊரெங்கும் குன்றுகளாகக் குவிந்தது. ‘சைனைட் மலை’ என்பது மக்கள் இட்ட பெயர். வெண்மையும் மஞ்சளும் கலந்த அந்தச் சரிவுகளில் ஏறுவதும் சறுக்குவதும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் இன்பம். ஓட்டத்துக்கும் ஏற்றத்துக்கும் அதனினும் சிறந்த இடம் அவர்களுக்கு இல்லை. காற்றடி காலத்தில் அத்தூள் பறந்து வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் சோற்றுப்பானைக்குள்ளும் படியும். தந்தை நிலத்தடியில் விழுங்கிய அதே தூளை மகன் வெயிலில் விளையாடியவாறே விழுங்கினான். உடற்பயிற்சி நல்லது என்று சொல்வோர் எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்வது நலம்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொற்களைப்பற்றி ஒரு வார்த்தை. முன்னாளில் ‘போஷாக்கு’ என்றனர், ‘புஷ்டி’ என்றனர். பின்னர் ‘ஊட்டம்’, ‘ஊட்டச்சத்து’ என்று வந்தன. ‘தேகப்பயிற்சி’ உடற்பயிற்சியாயிற்று. இவையெல்லாம் கோப்புக்களில் வாழும் சொற்கள். பிள்ளைகள் வாயில் ஏறிய சொல் ஒன்றே ஒன்று, ‘சத்துணவு’. தமிழ்நாட்டில் 1982க்குப் பின் அது சத்துள்ள உணவு என்ற பொருளை இழந்து, பள்ளியில் நண்பகலில் போடும் சோறு என்ற பொருளைப் பெற்றது. ‘சத்துணவு சாப்பிட்டாயா?’ என்றால் தட்டில் வாங்கினாயா என்று பொருள். கலைச்சொல் ஆக்குவோர் பல்லாண்டு உழைத்தும் செய்ய முடியாததை ஒரு பானைச் சோறு செய்துவிட்டது.

அந்தச் சோற்றின் வரலாறு தங்கவயலைத் தொட்டும் தொடாமலும் சென்றது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் ஓரணாவுக்கு மேற்படாத செலவு. 1956இல் முதலமைச்சர் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குத் துணைநின்றார். முதலமைச்சரானபின் 1954இல் காமராசர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி குடியாத்தம். தங்கவயற் குடும்பங்கள் பலவற்றின் பூர்வீகம் அந்தக் குடியாத்தம் சீமையே; மலைப்பாதை இறங்கினால் வந்துவிடும் தொலைவு. ஆனால் 1956 நவம்பர் முதல் நாளில் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நின்றது. ஆகவே ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளுள், குடியாத்தத்தில் இருந்தவன் பள்ளியில் சோறு உண்டான். ஊரிகத்தில் இருந்தவன் வீட்டிலிருந்து கொண்டுபோனதை உண்டான், அல்லது உண்ணாமல் இருந்தான். கோடை விடுமுறையில் இருவரும் கூடும்போது அதைப்பற்றிப் பேசிக்கொள்ளாமலா இருந்திருப்பர்?

இடையில் கேர் என்னும் அமெரிக்க அறநிறுவனத்தின் உதவியால் மைசூர் மாநிலப் பள்ளிகளுக்கும் உணவுப்பொருள் வந்தது. குறுநொய்க் கோதுமை உப்புமாவும் பால்மாவும் அக்காலத்துப் பிள்ளைகளின் நினைவில் இன்றும் மணக்கின்றன. பால்மாவைக் கரைத்துக் குடிக்காமல் உள்ளங்கையில் கொட்டி நக்குவதே வழக்கம். அது அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் இன்பத்தை எந்த உணவியல் நூலும் கூறவில்லை. 1982 சூலை முதல் நாளன்று தமிழ்நாட்டில் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் எல்லைக்கு இப்பால் அதற்கிணையான சமைத்த உணவு இல்லை.

சுரங்கங்கள் 1956இல் மாநில அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அது மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், உச்சநீதிமன்றம் நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் சமைத்த நண்பகல் உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. ஒன்பது மாத இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் தங்கவயல் வீடுகளில் அவை தொடர்புற்றே வந்தன. சம்பளம் நின்றது, சில காலத்துக்குப்பின் பள்ளியில் சோறு வந்தது. கர்நாடகம் ‘அட்சர தாசோக’ என்ற பெயரில் 2002இல் வடகிழக்கு மாவட்டங்களில் தொடங்கிய அத்திட்டம் மறு ஆண்டில் ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. 2013 ஆகஸ்டில் பள்ளிகளில் பாலும் சேர்ந்தது. அய்க்ராய்டு குன்னூரில் செய்துகாட்டியது பாலுக்குப் பேர்போன கோலாருக்கு வந்துசேர முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

முட்டையின் கதை தனி. தமிழ்நாட்டில் 1989 முதலே பள்ளியுணவில் முட்டை உண்டு. கர்நாடகத்தில் 2021 திசம்பரில் வடமாவட்டங்கள் ஏழில் முட்டை தரத் தொடங்கியபோது சமயத் தலைவர் சிலர் எதிர்த்தனர். பெரியவர்கள் இவ்வாறு வாதிட்டுக்கொண்டிருக்கையில், அப்பகுதிப் பள்ளி மாணவியர் தங்களுக்கு முட்டை வேண்டும் என்று துணிந்து பேசியது நாடெங்கும் பரவியது. தமது உணவைப்பற்றிப் பிள்ளைகள் தாமே வாய்திறந்து பேசியதை இந்த வரலாற்றில் வேறெங்கும் நான் காணவில்லை. பின்னர் முட்டை மாநிலம் முழுமைக்கும் வந்தது. உண்ணாதவர்க்கு வாழைப்பழமோ கடலைமிட்டாயோ தரப்பட்டது.

இத்தனை ஆண்டுகளின் வேறுபாடு எலும்பில் தெரிகிறதா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கர்நாடகத்தில் நூற்றுக்கு 35.4, தமிழ்நாட்டில் 25.0. பள்ளிச்சோறு ஒன்றே இதற்குக் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார். தாயின் நலம், தண்ணீர், மருத்துவம் எல்லாம் கலந்த கணக்கு இது. எனினும் மலைப்பாதையின் இருபுறத்தையும் நினைத்துப் பார்ப்பவர்க்கு இந்த எண்கள் வெறும் எண்களாகத் தோன்றா.

இன்று தங்கவயலில் பொழுது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் செல்லும் ரயிலோடு விடிகிறது. சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இருள் பிரியுமுன் புறப்பட்டு, இருண்டபின் திரும்புகின்றனர். ஊரிக நிலையத்து மேடையில் அவர்கள் கையிலிருக்கும் அடுக்குப்பாத்திரத்தில் உணவு இருக்கும்; வீட்டில் உறங்கும் பிள்ளைக்கோ சிலவேளை ஐந்து, பத்து ரூபாய் நாணயம் வைக்கப்பட்டிருக்கும். அது கடைமுனையில் தொங்கும் வண்ணப் பொட்டலமாக மாறுகிறது. முற்காலத்துப் பன் இருந்த படியில் இப்போது பொட்டலத்து வறுவல் ஏறிவிட்டது. சம்பளக் காசு அரிசிக்கடைக்கு வழிகாட்டியது போலவே இந்தக் காசும் வழிகாட்டுகிறது. பிள்ளையின் தருக்கம் மாறவில்லை, கடைதான் மாறியது.

அதே வேளையில் கேழ்வரகின் நிலையும் மாறியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பெங்களூரின் பெருங்கடைகளில் கேழ்வரகு அழகிய உறையில், அரிசியைவிட உயர்ந்த விலையில் விற்கிறது. மும்பையிலும் தில்லியிலும் உள்ள நம்மவர் வீடுகளிலும் அது மருத்துவர் சொல்லிய பின் மேசைக்கு வந்திருக்கிறது. கர்நாடகப் பள்ளிகளில் 2024 முதல் பாலோடு கேழ்வரகு மாவுக் கஞ்சியும் தரப்படுகிறது. அதைப் பிள்ளைகள் ‘ராகி மால்ட்’ என்பர். வரிசையில் நின்று வாங்கி, யாரும் எதையும் மறைக்காமல் குடிக்கின்றனர். ஆனால் மாலையில் பாட்டி கிண்டிவைத்த களியைக் கண்டால் அதே பிள்ளைகளுள் சிலர் முகம் சுளிக்கின்றனர். இரண்டும் ஒரே தானியம் என்று சொன்னால், “அது மால்ட், இது களி” என்று விடை வருகிறது.